இரண்டாயிரம் யென் சில்லு

பொத்தான் யுகம் – 14

சென்ற வாரம் நிண்டெண்டோவை அமெரிக்கத் துறைமுகக் கிடங்கில் விட்டுவிட்டு வந்தோம். விற்காமல் தேங்கிக் கிடந்த ‘ரேடார் ஸ்கோப்’ இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து, உள்ளே ‘டாங்க்கி காங்’ என்ற புது விளையாட்டைத் திணித்து, மூழ்கவிருந்த கிளையைக் கரை சேர்த்த கதை அது.

இப்போது 1981இன் கடைசி மாதங்கள். அமெரிக்காவில் டாங்க்கி காங் இயந்திரங்களுக்குள் நாணயம் விழுந்துகொண்டே இருக்கிறது. ஜப்பானில் பள்ளிப் பைகளிலும் சட்டைப் பைகளிலும் நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி ‘கேம் அண்ட் வாட்ச்’. 1889இல் கியோட்டோவில் மலர்ச்சீட்டுக் கட்டு செய்யத் தொடங்கிய குடும்பத்துக்கு இவ்வளவு பணம் இதற்குமுன் வந்ததில்லை.

அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைவர் ஹிரோஷி யமவுச்சி. 1949இலிருந்து நாற்காலியில் இருப்பவர். பொம்மைச் சந்தையில் மோகம் எப்படி வரும், எப்படிப் போகும் என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவர். கேம் அண்ட் வாட்ச்சும் ஒருநாள் அலமாரியில் தூசி படியும். அதற்குமுன் அடுத்தது வேண்டும்.

*

நவம்பர் மாதத்து இரவு. மசயுகி உயெமுராவின் வீட்டில் தொலைபேசி அடித்தது.

எடுத்தால் முதலாளி. இரண்டு கோப்பை உள்ளே போனதும் ஊழியர்களை அழைத்து, மனதில் பட்டதைக் கொட்டுவது யமவுச்சியின் வழக்கம். அன்று கொட்டியது இது: காசு போட்டு ஆடுகிற விளையாட்டுகளை வீட்டு டிவியிலேயே ஆட ஒரு பெட்டி செய். கேஸட்டை மாற்றினால் விளையாட்டும் மாற வேண்டும்.

உயெமுரா ஆகட்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். காலையில் யாருக்கு நினைவிருக்கப் போகிறது?

காலையில் யமவுச்சி தெளிந்த முகத்தோடு அவரிடம் வந்து நின்றார். நேற்றுச் சொன்ன வேலையைத் தொடங்கியாயிற்றா என்று கேட்டார்.

உயெமுராவைப் பற்றிக் கொஞ்சம். 1943இல் டோக்கியோவில் பிறந்து கியோட்டோவில் வளர்ந்தவர். பொறியியல் படித்துவிட்டு, பின்னாளில் ஷார்ப் என்று பெயர் மாறிய ஹயகவா எலக்ட்ரிக்கில் ஒளிமின் கலங்கள் விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்களில் ஒருவர், நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய். விற்க வந்தவரையும் சேர்த்து வாங்கிக்கொண்டுவிட்டது நிண்டெண்டோ. அந்த ஒளிமின் கலங்களை இலக்காக வைத்து இருவரும் சேர்ந்து செய்த ஒளித் துப்பாக்கி பொம்மைகள் எழுபதுகளில் நன்றாக ஓடின.

ஆக, கம்ப்யூட்டர் மேதை ஒருவரிடம் போய்ச் சேர்ந்த வேலையல்ல இது. பொம்மைக்காரரிடம் வந்த வேலை. இந்த வேறுபாட்டை மறக்காமல் மேலே படியுங்கள்.

*

யமவுச்சி இரண்டு நிபந்தனை வைத்தார். விலை 10,000 யென்னுக்குள் இருக்க வேண்டும். போட்டியாளர்கள் குறைந்தது ஓராண்டுக்கு எட்டிப்பிடிக்க முடியாதபடியும் இருக்க வேண்டும்.

மலிவும் வேண்டும், உசத்தியும் வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள் சொல்லும் நிபந்தனை போல இருக்கிறதல்லவா? உயெமுராவின் மனதில் முதலில் இருந்தது வேறு பெட்டி. 16 பிட் சில்லு, விசைப்பலகை, நெகிழ்வட்டு என்று ஒரு சிறு கம்ப்யூட்டராகவே அதைக் கற்பனை செய்திருந்தார். விசைப்பலகை கிடையாது, நெகிழ்வட்டும் கிடையாது என்றார் யமவுச்சி. விலையும் ஏறும், விசைப்பலகையைக் கண்டால் வீட்டிலிருப்பவர்கள் மிரள்வார்கள்.

கைக்கு எட்டிய எல்லா விளையாட்டுப் பெட்டிகளையும் வாங்கினார் உயெமுரா. ஒவ்வொன்றாகப் பிரித்தார். சில்லுகளின் பிளாஸ்டிக் மேலுறையை வேதிப்பொருளில் கரைக்கச் செய்து, உள்ளிருக்கும் கம்பித்தடங்களைப் படமெடுத்து, பெரிதாக்கிப் பார்த்தார். மாதக்கணக்கில் நடந்த இந்தப் பிரேதப் பரிசோதனையின் முடிவு ஒரே வரிதான்: இவற்றில் எதுவும் உதவாது. எல்லாம் பழைய சரக்கு. டாங்க்கி காங்கை இவற்றால் ஓட்ட முடியாது.

புதுச் சில்லு வேண்டும். அதைச் செய்துதர ஆள் வேண்டும்.

*

இங்கேதான் கதை ஒரு கணம் நிற்கிறது. நாமும் நிற்போம்.

ஜப்பானின் பெரிய சில்லு நிறுவனங்களுக்கு அப்போது கை நிறைய வேலை. கம்ப்யூட்டர், சொற்செயலி என்று வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு, கியோட்டோ சீட்டுக்கட்டுக் கம்பெனிக்கு யார் சில்லு செய்து தருவார்கள்? கதவுகள் மூடியே இருந்தன.

நகல் இயந்திரங்களுக்குப் பேர்போன ரிக்கோ நிறுவனம், ஒசாகாவுக்கு அருகில் புதிதாக ஒரு சில்லு ஆலை கட்டியிருந்தது. ஆலை புதிது, ஆர்டர்தான் இல்லை. இயந்திரங்களில் பெரும்பகுதி சும்மா கிடந்தது. நிண்டெண்டோக்காரர்கள் போய் டாங்க்கி காங்கை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொன்னதும், ரிக்கோவின் இளம் பொறியாளர்களுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. வேலைக்காக வந்த உற்சாகம் பாதி. விளையாட்டை வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்ற ஆசை மீதி.

அந்த உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றியது விலை. ஒரு சில்லு 2,000 யென்னுக்கு வேண்டும் என்றது நிண்டெண்டோ.

நடக்கிற காரியமா? முடியாது என்றது ரிக்கோ. பேச்சு முறிந்துபோக வேண்டிய இடம் இது. அப்போது யமவுச்சி ஒரு எண்ணைத் தூக்கி மேசைமேல் வைத்தார்: இரண்டு ஆண்டுகளில் 30 லட்சம் சில்லு எடுத்துக்கொள்கிறோம். உறுதி.

600 கோடி யென். இன்னும் வரைபடமாகக்கூட முடியாத ஒரு பெட்டிக்கு. அந்தக் காலத்து ஜப்பானில் வீட்டு விளையாட்டுப் பெட்டி பத்து லட்சத்தைத் தொட்டாலே பெரிய வெற்றி. நிண்டெண்டோவுக்குள்ளேயே இந்த எண்ணை நம்பியவர்கள் அதிகமில்லை. ரிக்கோ கையெழுத்திட்டது.

யமவுச்சி விளையாட்டுகளை ஆடிப் பார்க்கும் பழக்கமே இல்லாதவர். சில்லின் உள்ளே என்ன நடக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பெட்டியை வடிவமைத்தவர்கள் பட்டியலில் உயெமுராவுக்கு அடுத்து அவர் பெயரைத்தான் நான் எழுதுவேன். 30 லட்சம் என்ற அந்தச் சொல் இல்லையென்றால் சில்லு இல்லை.

*

சில்லின் விலை தீர்மானமானதும் மற்றதெல்லாம் தானாகச் சுருங்கத் தொடங்கியது.

முதலில் மூளை. ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பழகியது Z80. ரிக்கோ முன்வைத்தது 6502. 1975இல் அமெரிக்காவில் 25 டாலருக்கு விற்று, மற்ற கம்பெனிகளின் வயிற்றில் புளியைக் கரைத்த சில்லு. ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள் இருந்ததும் அதுதான். உயெமுராவின் குழுவில் யாருக்கும் அது பழக்கமில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். Z80ஐவிடப் பரப்பில் மிகச் சிறியது. மிச்சமாகும் இடத்தில் ஒலி எழுப்பும் சுற்றையும் ஒரே சில்லுக்குள் அடக்கிவிடலாம்.

இன்னொரு காரணத்தையும் சொல்வார்கள், எனக்குப் பிடித்தது அதுதான். ஜப்பானில் யாருக்கும் அது தெரியாது என்பதே அதன் பலம். போட்டியாளர் பெட்டியைப் பிரித்துப் பார்த்தாலும் உடனே காப்பியடிக்க முடியாது. முதலாளி கேட்ட ஓராண்டு இடைவெளி அங்கேயே கொஞ்சம் கிடைத்துவிட்டது. சொந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாதே என்ற சிக்கலுக்கு, அந்த ஆண்டு புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர் கைகொடுத்தார். 6502ஐக் கரைத்துக் குடித்தவர். அலுவலகத்தில் அவர்தான் நடமாடும் கையேடு.

அடுத்து நினைவகம். பெட்டிக்குள் வேலை செய்ய 2 கிலோபைட், படத்துக்கு இன்னொரு 2 கிலோபைட். அவ்வளவே. நினைவகம் அப்போது தங்கம் விலை.

படம் வரையத் தனிச் சில்லு. அசையும் உருவங்களை ஒரே நேரத்தில் 64 வரை கையாளும். ஆனால் திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டுக்கு மேல் வந்தால் ஒன்பதாவது மறைந்துவிடும். ஒரேயடியாக மறையாமல் இருக்க, நிரல் எழுதுபவர்கள் ஒவ்வொரு நொடித்துளியும் வேறொன்றை மறைத்துக் காட்டினார்கள். அதனால்தான் எதிரிகள் கூட்டமாக வந்தால் உருவங்கள் மினுக்கின. நம்மூரில் தொண்ணூறுகளில் மலிவு நகல் பெட்டிகளை டிவியில் செருகி ‘கான்ட்ரா’ ஆடியவர்களுக்கு அந்த மினுக்கல் நினைவிருக்கும். டிவியில்தான் கோளாறு என்று தலையில் தட்டியவர்களும் உண்டு. அவர்களில் நான் ஒருவன்.

சிக்கனம் தன் இலக்கையே கொஞ்சம் கடித்துவிட்டது. எந்த டாங்க்கி காங்குக்காக இத்தனை பாடோ, அதன் நான்கு கட்டங்களில் ஒன்று வீட்டுக் கேஸட்டில் விடுபட்டுப்போனது. இடமில்லை.

இவ்வளவு கஞ்சத்தனத்துக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் உயெமுரா கையை விரித்தார். படச் சில்லின் கம்பித்தடங்களை நேராகக் கேஸட் வாய்க்கே இழுத்துவிட்டார். கேஸட்டுக்கு 60 கால்கள். படங்கள் கேஸட்டுக்குள்ளேயே இருக்கும். பெட்டி அங்கிருந்து நேரே எடுத்துக்கொள்ளும். நாளைக்குச் சில்லு விலை இறங்கினால், கூடுதல் சாமர்த்தியத்தைக் கேஸட்டில் வைத்து விற்கலாம். பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. அந்தக் கேஸட்டுகள் எவ்வளவு சிறியவை என்றால், 1985 செப்டம்பரில் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த அத்தியாயத்தைக் கணினியில் யூனிகோடில் தட்டிச் சேமித்தாலே அதில் பாதிக்கு மேல் இடம் பிடிக்கும்.

*

சில்லு கண்ணுக்குத் தெரியாது. குழந்தை தொடுவது பெட்டியின் தோலையும் கைப்பிடியையும்தான்.

முதல் மாதிரிகளில் ஜாய்ஸ்டிக் இருந்தது. ஜப்பானிய வீட்டில் பாய்த்தரையில் உட்கார்ந்து விளையாடுவார்கள். ஆடி முடித்ததும் தரையிலேயே போட்டுவிட்டு எழுந்து ஓடுவார்கள். யாராவது மிதித்தால் குச்சி ஒடியும், காலும் குத்தும். வேறு வழி தேடியபோது கண்ணில் பட்டது, 1982இல் டாங்க்கி காங் கேம் அண்ட் வாட்ச்சுக்காக யோகோய் செய்திருந்த சிலுவை வடிவப் பொத்தான். தட்டையானது. மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. குழுவில் ஒருவர் அதைக் கழற்றி மாதிரிப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தார். விரல் உடனே பழகிக்கொண்டது. இடதுகைக் கட்டைவிரலுக்குச் சிலுவை, வலதுகைக் கட்டைவிரலுக்கு இரண்டு பொத்தான்கள். இன்றைக்குக் கடையில் எந்தக் கம்பெனியின் கைப்பிடியை எடுத்தாலும் அந்த ஏற்பாட்டின் சாயல் இருக்கிறது.

கைப்பிடிகளைப் பெட்டியோடு நிரந்தரமாகப் பிணைத்துவிட்டார்கள். செருகுவாய் வைத்தால் காசு. கம்பியும் குட்டை. ஆனால் இரண்டாவது கைப்பிடியில் ஒரு மைக் வைத்தார்கள்! குழந்தை தன் குரலை டிவியில் கேட்டால் குதிக்கும் என்பதற்காக. கேஸட்டை வெளியே தள்ளும் நெம்புகோலும் அப்படித்தான். அது இல்லாமலே கையால் இழுத்து எடுத்துவிடலாம். தள்ளினால் கேஸட் எகிறி வரும், அது ஒரு குஷி, அவ்வளவுதான். பைசா பைசாவாகக் கணக்குப் பார்த்த இடத்தில் இந்த இரண்டும் எப்படித் தப்பின? மேலே சொன்னேனே, செய்தவர் பொம்மைக்காரர்.

நிறம்? வெள்ளையும் கருஞ்சிவப்பும். சிவப்பு, யமவுச்சிக்குப் பிடித்த ஒரு கழுத்துத்துணியின் நிறம் என்று உயெமுரா பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒசாகா நெடுஞ்சாலையில் காரில் போகும்போது ஆன்டெனா கம்பெனி ஒன்றின் விளம்பரப் பலகையைப் பார்த்து, இதுதான் நம் நிறம் என்று முதலாளி கத்தியதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும்.

பெயர் வைத்தது உயெமுராவின் மனைவி. பர்சனல் கம்ப்யூட்டரைப் ‘பாசோகான்’ என்று சுருக்குகிறார்களே, குடும்பக் கம்ப்யூட்டரை ‘ஃபாமிகான்’ என்றால் என்ன? நல்ல யோசனை. ஆனால் அந்தப் பெயரை ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தது ஒரு கம்பெனி. தன் சமையலறை அடுப்புக்கு. கம்பெனியின் பெயர் ஷார்ப், உயெமுராவின் பழைய முதலாளி! பெட்டியின் மேல் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்று முழுநீளமாக எழுதினார்கள். ஜனங்கள் சுருக்கியே கூப்பிட்டார்கள்.

*

1983 ஜூலை 15. விலை 14,800 யென். பத்தாயிரத்துக்குள் அடங்கவில்லை. டாங்க்கி காங், டாங்க்கி காங் ஜூனியர், பாப்பாய் என்று மூன்றே கேஸட்டுகள். அதே நாளில் போட்டிக் கம்பெனியான சேகாவும் தன் பெட்டியை 15,000 யென்னுக்கு இறக்கியது.

கோடை முடிவதற்குள் முதல் குறை தெரிந்தது. சதுரமாக, ரப்பரில் செய்த பொத்தான்கள். அழுத்தினால் ஓரம் சிக்கி உள்ளேயே மாட்டிக்கொண்டன. வட்டமான பிளாஸ்டிக் பொத்தான்களுக்கு மாறினார்கள். அது சின்ன விஷயம்.

பெரியது பின்னால் வந்தது. ஆட்டத்தின் நடுவில் திரை உறைந்து நின்றுவிடுகிறது என்று கடைகளிலிருந்து புகார்கள். எல்லாப் பெட்டியிலும் இல்லை, எல்லா விளையாட்டிலும் இல்லை. உயெமுராவின் ஆட்கள் தேடிப் பிடித்தார்கள்: ஒரு சுற்றில் பிழை.

நேரத்தைப் பாருங்கள். புத்தாண்டு நெருங்குகிறது. ஜப்பானில் புத்தாண்டுக்குப் பெரியவர்கள் குழந்தைகளுக்கு உறையில் பணம் வைத்துக் கொடுப்பார்கள். உறை கிழிந்ததும் பணம் போகுமிடம் பொம்மைக்கடை. ஆண்டின் மிகப் பெரிய விற்பனைப் பருவம் அது.

புகார் சொல்பவர்களின் பெட்டியை மட்டும் வாங்கிப் பழுதுபார்த்துக் கொடுத்திருக்கலாம். பெரும்பாலோர் புகாரே சொல்லியிருக்க மாட்டார்கள். யமவுச்சி வேறு முடிவெடுத்தார். வெளியே போனதை எல்லாம் திரும்ப எடு. உற்பத்தியை நிறுத்து. பலகையை மாற்றிய பிறகு அனுப்பு.

30 லட்சம் சில்லுக்கு வாக்குக் கொடுத்தவர், விற்பனை உச்சத்தில் கடையைக் காலி செய்கிறார். உயெமுரா அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

*

பெட்டி திரும்பி வந்தது. 1984 முடிவதற்குள் ஜப்பானில் 25 லட்சத்தைத் தாண்டி விற்றது. வெளிக் கம்பெனிகளும் கேஸட் எழுத வந்தன. முதலில் ஹட்சன், பிறகு நாம்கோ. யமவுச்சி சொன்ன எண்ணைக் கேட்டுச் சிரித்தவர்கள் இப்போது சிரிப்பதில்லை.

அவருடைய பார்வை கடலுக்கு அப்பால் போனது. 1983லேயே அமெரிக்க வீடியோ கேம் கம்பெனியான அடாரியிடம் ஒரு பேச்சு நடந்தது. ஜப்பானுக்கு வெளியே அடாரி தன் பெயரில் விற்றுக்கொள்ளலாம். கையெழுத்தாகும் முன் அடாரியே சரிந்தது. 300 கோடி டாலரைத் தொட்டிருந்த அமெரிக்க வீட்டு விளையாட்டுச் சந்தை, 1985க்குள் 10 கோடியளவுக்குச் சுருங்கியது. அமெரிக்கக் கடைக்காரர்களிடம் ‘வீடியோ கேம்’ என்ற சொல்லே எடுக்கக் கூடாத சொல்லாகிவிட்டது.

1985 ஜனவரி, லாஸ் வேகாஸ் கண்காட்சி. நிண்டெண்டோ அரங்கில் உயெமுராவின் பெட்டி வேறு வேடத்தில் நின்றது. சிவப்பு இல்லை, வெள்ளை இல்லை. சாம்பல் நிறத்தில் நேர்கோடுகளாக, ஒரு ஸ்டீரியோ செட் போல. பக்கத்தில் கம்பியில்லாக் கைப்பிடிகள், டேப் ஓட்டி, இசைப் பலகை. கூடவே, யமவுச்சி வேண்டாம் என்று விரட்டிய அந்த விசைப்பலகை.

வந்தவர்கள் பார்த்தார்கள். பாராட்டினார்கள். ஒருவரும் ஆர்டர் கொடுக்கவில்லை.

அமெரிக்கக் கிளையில் அடுத்த வேடத்தை யோசித்தார்கள். விசைப்பலகை போகட்டும். ஆனால் கேஸட்டை மேலிருந்து குத்தி நிறுத்தினால் பார்த்ததுமே வீடியோ கேம் என்று தெரிந்துவிடும். முன்பக்கம் ஒரு கதவு வைப்போம். விசிஆரில் டேப் போடுவதுபோல கேஸட்டை உள்ளே தள்ளி, கீழே அழுத்தட்டும். உயெமுராவின் பெட்டியிலேயே எளிமையான, கெட்டுப்போக வழியில்லாத பாகம் அந்தக் கேஸட் வாய். வேடத்துக்காக அதைத்தான் மாற்றப் போகிறார்கள்.

கடைக்காரர்கள் அந்தக் கதவைப் பார்த்து ஏமாந்தார்களா? கதவு அதற்கு என்ன விலை கேட்டது?

(அடுத்த வாரம்: நியூயார்க், 1985 அக்டோபர்)